நீண்ட கால மனநல மருந்து எடுப்பவரைப் பாதுகாப்பாகக் கவனித்துக்கொள்வது: முழுமையான வழிகாட்டி

பெங்களூரு ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்திருந்தால், கன்னடத்தோடு தமிழும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம், ஆஸ்டின் டவுன் என்று நகருக்குள்ளிருந்து வருபவர்களோடு, விடியற்காலை பஸ் பிடித்து ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து வருபவர்களும் அங்கே இருப்பார்கள். ஏறக்குறைய எல்லார் கையிலும் ஒரு துணிக்கடைப் பை. அதற்குள் பல வருடத்துச் சீட்டுகள். "கடைசியாகத் தைராய்டு எப்போது பார்த்தீர்கள்?" என்று மருத்துவர் கேட்டதும் அந்தப் பையிலிருந்து காகிதங்கள் மேசைமேல் கொட்டப்படும். தேடி எடுப்பதற்குள், நமக்கென்று அவர் ஒதுக்கியிருந்த சில நிமிடங்கள் கரைந்துவிடும்.

நானும் அப்படிப் பை தூக்கியவள்தான். என் தம்பி 16 வருடங்களாக இருதுருவ மனநிலைக் கோளாறுக்கு லித்தியமும் ஓலன்சபினும் எடுத்து வருகிறான். ஆறாவது வருடத்தில், முழங்கால் வலி என்று வீட்டருகே இருந்த ஒரு கிளினிக்குக்குப் போனோம். 10 நாளைக்கு டைக்ளோஃபெனாக் எழுதிக் கொடுத்தார்கள். அவன் லித்தியம் எடுப்பதை அங்கே கேட்கவும் இல்லை, நாங்கள் சொல்லவும் இல்லை. எட்டாம் நாள் காலை அவன் காபி டம்ளரை எடுத்தபோது அது டவராவில் தட்டித் தட்டி ஒலித்தது. "தூக்கம் போதலக்கா" என்றான், நானும் நம்பினேன். மறுநாள் பேச்சு குழறியது, நடை தள்ளாடியது. அவசரப் பிரிவில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது லித்தியம் அளவு 1.8 இருந்தது. இத்தனை வருடம் அவனைக் காத்த அதே மாத்திரை, அதே அளவில், ஒரு வலி மாத்திரையின் துணையோடு அவனுக்கு நஞ்சாகியிருந்தது.

அன்று எனக்குப் புரிந்தது ஒன்றுதான். மனநல மருத்துவர் மனதைப் பார்க்கிறார், எலும்பு மருத்துவர் முழங்காலைப் பார்க்கிறார், மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பார்க்கிறார். மூன்றையும் சேர்த்துப் பார்க்கக்கூடிய இடத்தில் நோயாளியும் அவர் வீட்டாரும் மட்டுமே இருக்கிறார்கள். அந்த இடத்தில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை, நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே கீழே எழுதுகிறேன். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவரின் வேலை. கவனிப்பதும் எழுதி வைப்பதும் நேரத்தோடு சொல்வதும் நம்முடையவை.

முதல் படி: தொடக்க அளவுகளைப் பிடித்து வைத்தல்

மருந்து தொடங்கும் முன்போ, தொடங்கிய முதல் வாரத்திலோ உடலின் நிலை எப்படி இருந்தது என்று தெரியாவிட்டால், பின்னால் வரும் எந்த மாற்றத்தையும் மருந்தின் மேல் வைப்பதா வயதின் மேல் வைப்பதா என்று யாராலும் சொல்ல முடியாது. எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை அல்லது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், கல்லீரல் பரிசோதனை, தைராய்டு, முழு ரத்த எண்ணிக்கை ஆகியவற்றில் எவை தேவை என்பது எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. 40 வயதைக் கடந்தவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் ஒரு இ.சி.ஜி.யும் எடுக்கச் சொல்வார்கள். மருந்து தொடங்கிப் பல வருடம் ஆகிவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம். இன்று எடுக்கும் அளவே இனிமேலுக்கான தொடக்க அளவாக இருக்கட்டும்.

இடுப்பைத் தையல் டேப்பால் அளக்கலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். வேட்டியோ பாவாடையோ கட்டும் இடத்தில் அளந்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கணக்கு வரும். நம் நாட்டவருக்கு ஆண்கள் என்றால் 90 செ.மீ., பெண்கள் என்றால் 80 செ.மீ. என்பது எச்சரிக்கைக் கோடு.

இரண்டாம் படி: ஒரு நோட்டு

துணிப்பையை ஒழித்துவிட்டு, 200 பக்க நோட்டு ஒன்றை வாங்குங்கள். கைபேசிச் செயலிகள் இருக்கின்றன. ஆனால் கைபேசி மாறும், நோட்டு மருத்துவரின் மேசைமேல் விரிந்து கிடக்கும். முதல் பக்கத்தில் இப்போது எடுக்கும் ஒவ்வொரு மருந்தின் மூலப்பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எந்தத் தேதியிலிருந்து என்று எழுத வேண்டும். கம்பெனிப் பெயரை மட்டும் எழுதினால் போதாது. "அதே மருந்துதான், வேற கம்பெனி" என்று கடையில் கொடுக்கும்போது மூலப்பெயரையும் மில்லிகிராமையும் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். லித்தியத்தில் சாதாரண மாத்திரை வேறு, மெதுவாகக் கரையும் மாத்திரை வேறு. மருத்துவரைக் கேட்காமல் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கக் கூடாது. மெதுவாகக் கரையும் மாத்திரையை மென்று விழுங்குவதோ பொடிப்பதோ அறவே கூடாது.

இரண்டாவது பக்கத்தில் ஒவ்வாமைகளும் உடலின் மற்ற நோய்களும். மூன்றாவது பக்கத்திலிருந்து தேதி வாரியாக எண்கள்: எடை, ரத்த அழுத்தம், பரிசோதனை முடிவுகள். நோட்டின் பின்பக்கத்திலிருந்து திருப்பி எழுதிக்கொண்டு வருவது தூக்கம், பசி, மனநிலை, விட்டுப்போன வேளைகள். தினமும் பக்கம் பக்கமாக எழுதத் தேவையில்லை. "இரவு 4 மணி நேரம்தான் தூக்கம், சோர்வில்லை" என்ற ஒரு வரி, இருதுருவக் கோளாறு உள்ளவருக்கு அடுத்த எழுச்சி (மனம் அளவுக்கு மீறிக் கிளர்ந்தெழும் நிலை) தொடங்குவதைப் பல நாள் முன்பே காட்டிக் கொடுத்துவிடும்.

அடுத்த பரிசோதனைக்கான தேதியை, சமையலறையில் மாட்டியிருக்கும் மாத காலண்டரில் அமாவாசையும் கிருத்திகையும் போட்டிருக்கும் கட்டங்களுக்கு நடுவே சிவப்பு மையால் வட்டமிட்டு விடுங்கள். நினைவை நம்பிய எந்த வீட்டிலும் ஆறு மாதப் பரிசோதனை ஆறு மாதத்தில் நடந்து நான் பார்த்ததில்லை.

இதில் ஒன்றை மறக்கக் கூடாது. இந்த நோட்டு நோயாளியைப் பற்றி நாம் ரகசியமாக எழுதும் புகார்ப் புத்தகம் ஆகிவிட்டால் அவர் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கத் தொடங்குவார். அவரை அருகில் வைத்துக்கொண்டு, அவர் சொல்ல நாம் எழுதுவது, அல்லது அவரே எழுதுவது என்ற வழக்கத்தை முதல் வாரத்திலேயே ஏற்படுத்த வேண்டும்.

மூன்றாம் படி: மருந்தறிந்து பரிசோதித்தல்

லித்தியத்திலிருந்து தொடங்குகிறேன். பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகலாக இருப்பது இந்த மருந்தில்தான். ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949-இல் இதன் பலனை எழுதினார். அதே வருடம் அமெரிக்காவில், உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட இதய நோயாளிகளுக்குச் சமையல் உப்புக்கு மாற்றாக லித்தியம் குளோரைடு விற்கப்பட்டு, உயிரிழப்புகள் நேர்ந்ததால் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. அளந்து பார்க்காமல் கொடுத்தால் கொல்லும், அளந்து கொடுத்தால் காக்கும் என்ற இரண்டும் ஒரே வருடத்தில் தெரிந்தன. அந்த உப்புத் தொடர்பு நம் வீட்டுக்குள்ளும் இருப்பதைச் சற்றுப் பின்னர் சொல்கிறேன்.

லித்தியத்தின் ரத்த அளவு பெரும்பாலோருக்கு லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை இருக்குமாறு வைப்பார்கள். எழுச்சி நிலையில் 1.0 வரை போகலாம். 1.5-ஐத் தாண்டினால் நச்சு அறிகுறிகள் எதிர்பார்க்கப்பட வேண்டியவை, 2-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பல வருடமாக எடுப்பவர்களுக்கும் முதியவர்களுக்கும் எண் அவ்வளவு உயராமலே நச்சு அறிகுறிகள் வரலாம் என்பதால், கைநடுக்கமும் தள்ளாட்டமும் கண்ணுக்குத் தெரியும்போது "ரிப்போர்ட் நார்மல்தானே" என்று திரும்பிவிடக் கூடாது. மருந்தைத் தொடங்கியதும், அளவை மாற்றியதும் ஐந்து முதல் ஏழு நாள் கழித்து ஒருமுறை. பிறகு முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நிலைப்பட்டபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான ஒழுங்கு. அதே ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரியாட்டினின், தைராய்டு, கால்சியம் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ரத்தம் எடுக்கும் நேரம் மிக முக்கியமானது. இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. கடைசி வேளை மாத்திரைக்குச் சரியாக 12 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்துக்குத்தான் மேலே சொன்ன எண்கள் பொருந்தும். இரவு 9 மணிக்கு மாத்திரை என்றால் காலை 9 மணிக்கு ரத்தம். காலை வேளை மாத்திரை இருந்தால் அதைக் கையிலேயே கொண்டுபோய், ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ள வேண்டும். காலை மாத்திரை போட்டுக்கொண்டு லேபுக்குப் போனால் அளவு பொய்யாகக் கூடித் தெரியும், அதைப் பார்த்து மருந்தைக் குறைத்தால் நோய் திரும்பும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பச்சை மூடி போட்ட ரத்தக் குழாய்கள் சிலவற்றில் ரத்தம் உறையாமலிருக்க லித்தியம் ஹெப்பாரின் என்ற பொருள் இருக்கும். அதில் எடுத்தால் குழாயிலுள்ள லித்தியமும் கணக்கில் சேர்ந்துவிடும். "இது லித்தியம் டெஸ்ட்டுக்கான ரத்தம், லித்தியம் ஹெப்பாரின் குழாய் வேண்டாம்" என்று ஊசி குத்தும் முன்பே சொல்லிவிடுவதில் எந்தக் கூச்சமும் தேவையில்லை.

தைராய்டைப் பற்றி ஒரு வார்த்தை. லித்தியம் தைராய்டு சுரப்பைக் குறைக்கக்கூடியது. சுரப்பு குறைந்தால் சோர்வு, மந்தம், மலச்சிக்கல், எடை ஏற்றம், எதிலும் விருப்பமின்மை எல்லாம் வரும். வீட்டில் இதைப் பார்ப்பவர்கள், "பழைய சோர்வு நோய் திரும்பிவிட்டது" என்று முடிவுகட்டி, மனச்சோர்வுக்கு இன்னொரு மாத்திரை சேரும்வரை போய்விடுவார்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் காரணத்துக்கு ஒருவர் மாதக்கணக்கில் சோம்பேறி என்ற பெயர் வாங்குவது எனக்கு மிகவும் வருத்தமான காட்சி. அடங்காத தாகமும் இரவில் திரும்பத் திரும்ப எழுந்து சிறுநீர் போவதும் இருந்தால் அதையும் நோட்டில் எழுதுங்கள். சிறுநீரகம் சொல்லும் சேதி அது.

அடுத்தது க்ளோசபின். மற்ற மருந்துகளுக்கு அடங்காத மனச்சிதைவு நோயில் இதற்கு இணை இல்லை. 1975-இல் பின்லாந்தில் இதை எடுத்தவர்களில் எட்டுப் பேர் வெள்ளணுக்கள் அற்றுப்போய் இறந்ததால் பல நாடுகளில் ஒதுக்கப்பட்ட இந்த மருந்து, முறையான ரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையோடுதான் திரும்பி வந்தது. ஆபத்து அதிகமுள்ள முதல் 18 வாரமும் வாரந்தோறும், அதன்பின் இடைவெளி விட்டு மாதந்தோறும் என்பது நெடுங்கால வழக்கம். உங்கள் மருத்துவர் தரும் அட்டவணையை அப்படியே பின்பற்றுங்கள். பார்க்க வேண்டிய எண், நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளணுக்களின் மொத்த எண்ணிக்கை. சில லேப் ரிப்போர்ட்டுகளில் சதவீதம் மட்டுமே இருக்கும். அப்போது மொத்த வெள்ளணுவைச் சதவீதத்தால் பெருக்கிக்கொள்ளலாம். மொத்தம் 6,200, நியூட்ரோஃபில் 58 சதவீதம் என்றால் 3,596. இது 1,500-க்குக் கீழே போனால் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். எண்ணைவிட முந்திக்கொண்டு வருவது காய்ச்சலும் தொண்டை வலியும். க்ளோசபின் எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் கசாயம் வைத்துக் கொடுத்துக் காத்திருக்கும் வேலை கிடையாது. அன்றே ரத்தப் பரிசோதனை. முதல் இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலோடு படபடப்பு, நெஞ்சுவலி, மூச்சிறைப்பு வந்தால் இதயத் தசை அழற்சியாக இருக்கலாம்.

வெள்ளணு ஆபத்தை எல்லா மருத்துவரும் சொல்லிவிடுகிறார்கள். பேசக் கூச்சப்பட்டு விடுபட்டுப் போவது மலச்சிக்கல். க்ளோசபின் குடலின் அசைவை மந்தமாக்குகிறது. குடல் அடைத்து உயிர் போகும் அளவுக்கு அது முற்றக்கூடும். எத்தனை நாளுக்கு ஒருமுறை மலம் கழிகிறது என்பது நோட்டில் இருக்க வேண்டிய விவரம். இரண்டு நாள் போகாவிட்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வயிறு உப்பி, வலித்து, வாந்தியும் வந்தால் அது அவசர நிலை.

மருந்து 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போயிருந்தால், பழைய அளவில் திரும்பத் தொடங்கவே கூடாது. ரத்த அழுத்தம் திடீரென விழுந்து மயங்கக்கூடும் என்பதால் 12.5 மில்லிகிராம் போன்ற சிறு அளவிலிருந்து மருத்துவர்தான் மீண்டும் ஏற்றிக்கொண்டு வருவார். புகையிலைப் புகையும் இங்கே ஒரு மருந்தைப் போல வேலை செய்கிறது. பீடி, சிகரெட் புகை, க்ளோசபினையும் ஓலன்சபினையும் கல்லீரல் வேகமாகக் கழிக்கும்படி செய்கிறது. ஆகவே கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டு 41 நாள் புகையை நிறுத்துபவருக்கு, அதே மாத்திரையில் ரத்த அளவு உயர்ந்து தூங்கி வழிதலும், க்ளோசபினில் வலிப்பும்கூட வரலாம். புகையை விடுவது நல்லதே. மாலை போடும் முன்பு மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லி, அளவைச் சரிபார்த்துக்கொண்டு விட வேண்டும். விரதம் முடிந்து மீண்டும் பிடிக்கத் தொடங்கினால் அதையும் சொல்ல வேண்டும்.

ஓலன்சபின், க்ளோசபின், குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன் முதலிய மனச்சிதைவு மருந்துகள் எல்லாவற்றிலும் எடை, சர்க்கரை, கொழுப்பு ஆகிய மூன்றும் காவல் காக்கப்பட வேண்டியவை. முதல் இரண்டில் மிக அதிகமாக. எடையை 4, 8, 12 ஆம் வாரங்களிலும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பாருங்கள். சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தத்தை 12 ஆம் வாரத்திலும் பிறகு வருடத்துக்கு ஒருமுறையாவதும் பாருங்கள். தொடக்க எடையில் 5 சதவீதம் ஏறினால், அதாவது 64 கிலோவாக இருந்தவர் 67-ஐத் தாண்டினால், அது மருத்துவரிடம் பேச வேண்டிய செய்தி. மருந்தை மாற்றலாமா, எடையைக் கட்டுப்படுத்த வேறு வழி உண்டா என்று அவர் பார்ப்பார். இரவு 10 மணிக்கு மேல் சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டால் திட்டாதீர்கள். அந்தப் பசியை மருந்து உண்டாக்குகிறது. அவருடைய மன உறுதிக்கும் அதற்கும் தொடர்பில்லை. பேக்கரி பன்னும் பிஸ்கெட்டும் வீட்டில் வாங்கி வைக்காமல், சுண்டலும் வெள்ளரியும் மோரும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்படி வீட்டார் அனைவரும் சேர்ந்து மாறினால்தான் அது நிற்கும்.

இதே மருந்துகளில் உடலசைவுகளையும் கவனிக்க வேண்டும். தொடங்கிய சில நாட்களில் கழுத்தோ கண்ணோ ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளலாம். பார்க்கப் பயமாக இருக்கும், மருத்துவமனையில் ஊசி போட்டதும் சீக்கிரமே சரியாகும். சில வாரங்களில் கால் ஒரு இடத்தில் நிற்காத தவிப்பு வரலாம். இதை நோய் முற்றியதாக நினைத்து மருந்தைக் கூட்டினால் தவிப்பும் கூடும். வருடங்கள் கழித்து வருவது வாயும் நாக்கும் தானாக அசையும் கோளாறு. தொடக்கத்தில் பிடித்தால்தான் பலன் உண்டு. இதற்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கைப்பிடி இல்லாத நாற்காலியில் அவரை உட்கார வைத்து, கைகளை முழங்காலில் வைக்கச் சொல்லுங்கள். வாயில் வெற்றிலை பாக்கு இருக்கக் கூடாது. வாயைத் திறந்து நாக்கை உள்ளேயே வைத்திருக்கச் சொல்லிப் பாருங்கள். நாக்கு புழுவைப் போல நெளிகிறதா? பிறகு கட்டை விரலால் மற்ற விரல்களை வரிசையாகத் தொடச் சொல்லி, அவர் கையைப் பார்க்காமல் முகத்தையும் கால்களையும் பாருங்கள். கடைசியாகச் சில அடி நடக்கச் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால் கைபேசியில் அரை நிமிடம் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டலாம்.

ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு எடுக்கும் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோவதும் மார்பில் பால் சுரப்பதும், ஆண்களுக்கு மார்பு வீங்குவதும் உறவில் நாட்டம் குறைவதும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடுவதால் வரும். அக்காவிடமோ அம்மாவிடமோகூடச் சொல்ல முடியாமல், இந்த ஒரு காரணத்துக்காகவே மாத்திரையை ரகசியமாக நிறுத்தியவர்கள் உண்டு. நீங்கள் கேட்க முடியாது என்றால், அவர் மருத்துவரோடு தனியாகப் பேச ஐந்து நிமிடம் வெளியே வந்து நில்லுங்கள்.

மனநிலையைச் சீராக்கத் தரும் மற்றொரு மருந்தான வால்ப்ரோயேட்டுக்குக் கல்லீரலும் தட்டணுக்களும் எடையும் பார்க்க வேண்டும். கருவில் இருக்கும்போது இதற்கு ஆட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவருக்கு உடல் ஊனம் நேர்கிறது. மூளை வளர்ச்சிக் குறைபாடு இன்னும் அதிகம். வயது வந்த பெண்ணுக்கு இது எழுதப்பட்டிருந்தால், திருமணப் பேச்சு தொடங்கும்வரை காத்திராமல் இப்போதே மருத்துவரிடம் கேளுங்கள். தானாக நிறுத்திவிடவும் கூடாது. கார்பமசெபினும் லாமோட்ரிஜினும் தொடங்கிய முதல் இரண்டு மாதத்தில் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றே காட்ட வேண்டும். கார்பமசெபின் ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும், கருத்தடை மாத்திரையின் பலனையும் குறைக்கும்.

மனச்சோர்வு மாத்திரைகள் எடுக்கும் முதியவர் திடீரெனக் குழப்பமாகப் பேசினால் ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குளோனசெபாம் போன்ற தூக்க மாத்திரைகளைப் பல மாதம் எடுத்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். முதியவர்கள் இரவில் கழிவறைக்குப் போகும்போது விழுந்து இடுப்பு முறிவதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு.

நான்காம் படி: மற்ற மருந்து, உப்பு, வெயில், விரதம்

என் தம்பிக்கு நேர்ந்தது இந்தப் படியில்தான். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகள், ரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மருந்துகள், சிறுநீர் பிரியத் தரும் மாத்திரைகள் ஆகியவை லித்தியத்தைச் சிறுநீரகம் வெளியேற்ற விடாமல் தடுக்கும். பல்வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் போதும் என்று முதல் பக்கத்தில் சிவப்பில் எழுதி வையுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும், பல் மருத்துவராக இருந்தாலும், உட்கார்ந்தவுடன் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்ட வேண்டும். நாட்டு மருந்தும் இதில் அடக்கம். சித்த மருந்தோ ஆயுர்வேதமோ எடுப்பதாக இருந்தால் மனநல மருத்துவருக்குத் தெரிந்து எடுக்க வேண்டும்.

இப்போது உப்பு. உடலில் உப்பு குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துவைத்துக்கொள்கிறது. வீட்டில் அப்பாவுக்கு பி.பி. என்று சாம்பாரில் உப்பைப் பாதியாக்கும்போது, அதே சாம்பாரைச் சாப்பிடும் மகனின் லித்தியம் ஏறுகிறது. உப்பும் தண்ணீரும் தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். தண்ணீர்கூடக் குடிக்காத ஏகாதசி, சஷ்டி விரதங்கள் லித்தியம் எடுப்பவருக்கு ஏற்றவை அல்ல. பால், பழம், நீர் எடுத்துக்கொண்டு விரதமிருப்பதை நம் பெரியவர்கள் ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ரம்ஜான் நோன்பு இருப்பவர்கள் மாதத்துக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, வேளைகளை மாற்றிக்கொள்ளலாமா, இருப்பதே தகுமா என்று கேட்க வேண்டும்.

பெங்களூரின் குளிர்ச்சிக்குப் பழகிய உடல், சித்திரையில் வேலூருக்கோ சேலத்துக்கோ கல்யாணத்துக்குப் போய் மூன்று நாள் வியர்த்துக் கொட்டினால் என்ன ஆகும் என்பதும் இதே கணக்குத்தான். பழநிப் பாதயாத்திரையும் அப்படியே. வாந்தி, பேதி வந்தால் அன்றே மருத்துவரை அழைத்து, அடுத்த வேளை லித்தியம் கொடுக்கலாமா என்று கேட்டுவிட வேண்டும். லித்தியம் எடுக்காமல் மனச்சிதைவு மருந்துகளை எடுப்பவர்களுக்கும், அவற்றால் வரும் நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் தரும் டிரைஹெக்ஸிபெனிடில் எடுப்பவர்களுக்கும் வியர்வை குறைவதால் வெயில் எளிதில் தாக்கும்.

ஐந்தாம் படி: இருப்பும் விடுபட்ட வேளையும்

ஏழு நாள் கட்டம் போட்ட மாத்திரை டப்பா ஒன்று ஞாயிற்றுக்கிழமைதோறும் நிரப்பப்பட்டால், "போட்டாயா, போடவில்லையா" என்ற தினசரிச் சண்டை நின்றுவிடும். பந்த் நடந்தாலும் பஸ் ஓடாவிட்டாலும் தட்டாதபடி 10 நாள் மருந்து எப்போதும் கூடுதலாக இருக்கட்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது சீட்டின் நகலும் பையில் இருக்க வேண்டும்; சிறு ஊர்களின் கடைகளில் லித்தியமும் க்ளோசபினும் கிடைப்பது அரிது. வாழ்வில் வெறுப்பாகப் பேசும் காலத்தில் மட்டும் இதை மாற்றிக்கொண்டு, மொத்த இருப்பையும் வேறொருவர் பூட்டி வைத்து, ஓரிரு நாளுக்கானதை மட்டும் வெளியே வைக்க வேண்டும். அதோடு தாமதிக்காமல் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும்.

ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடக் கூடாது. நலமாக இருக்கிறார் என்பதற்காக நிறுத்திவிடுவதே நோய் திரும்புவதற்கான மிகப் பெரிய வாசல். லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் எழுச்சி வேகமாகத் திரும்பும் என்பது நன்கு அறியப்பட்டது.

ஆறாம் படி: காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

கைநடுக்கம் பெரிதாகி, வாந்தி, பேதி, குழறல், தள்ளாட்டம், மயக்கம் என்று சேர்ந்து வந்தால் லித்தியம் நஞ்சாகியிருக்கலாம். அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கடுமையான காய்ச்சல், பலகை போல விறைத்த உடல், குழப்பம், வியர்வை ஆகியவை சேர்ந்து வந்தால் அது மனச்சிதைவு மருந்துகளால் அரிதாக வரும், உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. அதற்கும் இதே பதில்தான். வலிப்பு, நினைவிழந்த மயக்கம், க்ளோசபினில் காய்ச்சல், உப்பிய வயிறு, தோல் உரிதல், தற்கொலைப் பேச்சு இவற்றுக்கும் மறுநாள் காலைவரை காத்திருப்பு இல்லை. 108-ஐ அழைக்கலாம். போகும்போது நோட்டையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். அவசரம் இல்லாத ஐயங்களுக்கு, 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் நாள் முழுதும் இலவசமாக இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

ஏழாம் படி: மருத்துவரின் முன் அந்தச் சில நிமிடங்கள்

போகும் முந்தைய இரவு நோட்டில் மூன்று கேள்விகள் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பத்து எழுதினால் ஒன்றுக்கும் பதில் கிடைக்காது. முதலில் பேச வேண்டியவர் நோயாளி. கன்னடமோ ஆங்கிலமோ வராத அம்மா கூட வந்திருந்தால், "தமிழ் தெரிந்த செவிலியரோ மருத்துவரோ இருக்கிறார்களா?" என்று தயங்காமல் கேட்கலாம், பெங்களூரில் பெரும்பாலும் யாராவது இருப்பார்கள். எழுந்து வரும் முன், "அடுத்த ரத்தப் பரிசோதனை எதற்கு, எந்தத் தேதியில்?" என்ற கேள்விக்கு விடை நோட்டில் ஏறியிருக்க வேண்டும்.

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2018 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கிறது. தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறவும், தனக்கான பிரதிநிதி ஒருவரை நியமிக்கவும், நோய் முற்றும் காலத்தில் தனக்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எது வேண்டாம் என்று நலமாக இருக்கும்போதே எழுதி வைக்கவும் நோயாளிக்கு அது உரிமை தருகிறது. அந்தக் கடிதத்தை நல்ல நாட்களிலேயே உட்கார்ந்து எழுதிவிடுங்கள்.

என் தம்பியின் நோட்டு இப்போது நான்காவது. கடந்த ஐந்து வருடமாக அதில் இருப்பது அவன் கையெழுத்து. போன மாதம் வீட்டருகே பல் பிடுங்கப் போனபோது நான் கூடப் போகவில்லை. திரும்பி வந்ததும் நோட்டைத் திறந்து பார்த்தேன்: "பல் டாக்டரிடம் லித்தியம் சொன்னேன். வலி மாத்திரையை மாற்றி பாராசிட்டமால் எழுதினார். மூன்று நாளைக்கு. அடுத்த லித்தியம் டெஸ்ட் 14-ஆம் தேதி, காலை 9."